சந்தை திருப்பி அனுப்பிய மீன்

லூர்தம்மாள் கூடையை இறக்கியதும் சந்தை வாசலில் இருந்த கருவியை அதிகாரி ஒவ்வொரு மீன்மேலும் வைத்துப் பார்த்தார். உயிரோடு இருந்தபோது மீன் தண்ணீரில் எவ்வளவு அவதிப்பட்டது என்பதை அது எண்ணாகச் சொல்லும். நாற்பதைத் தாண்டினால் விற்க முடியாது. அன்று எல்லாமே அறுபதுக்கு மேல்.

"ஆத்துத் தண்ணியில கலக்குற கழிவெல்லாம் அளவுக்குள்ளதான் இருக்குன்னு சொன்னீங்களே சார்?"

"தனித்தனியா பாத்தா அளவுக்குள்ளதாம்மா இருக்கு. சாயம், பூச்சிமருந்து, ஈயம்னு எல்லாம் ஒண்ணாச் சேர்றப்போ மீன் தாங்க மாட்டேங்குது."

மூன்று வருடமாக இதே கதைதான். திருப்பி அனுப்பிய மீனைக் கொட்ட மனம் வராமல் லூர்தம்மாள் வீட்டிலேயே குழம்பு வைத்தாள். மகள் பிலோமினா ஆசையாகச் சாப்பிடுவாள். அவளுக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இப்போது மறுபடியும் ஐந்து மாதம்.

மறுநாள் லூர்தம்மாள் கூடை இல்லாமல் மகளோடு வந்து நின்றாள்.

"இவ கையில ஒரு தடவை வச்சுப் பாருங்க சார்."

"இது மீனுக்கும்மா. மனுசங்களுக்கு இதுல வரம்பே கிடையாது."

"எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

அவர் தயங்கித் தயங்கி வைத்தார். தொண்ணூற்று மூன்று என்று வந்தது. சட்டென்று திரையைக் கையால் மறைத்தார். ஆனால் லூர்தம்மாள் பார்த்துவிட்டாள்.

"புள்ளைக்கு ஒண்ணுமில்லையேம்மா?" என்று பிலோமினா கேட்டாள்.

லூர்தம்மாளால் மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதிகாரியிடம் மட்டும் மெல்லச் சொன்னாள்.

"நான்தான் சார் ஆக்கிப் போட்டேன்."