துடைத்த திராட்சை

பந்தெலெய் பீப்பாயில் காதை வைக்கக் குனிந்ததும், நிலவறைப் படியில் நின்றிருந்த அத்தைமார் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

அவருடைய மகள் ஒலிம்பியா பக்கத்தில் நின்றிருந்தாள்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். விளக்கைப் போடுகிற சாக்கில் முதலில் இறங்கி வந்தவள், பீப்பாயில் காதை ஒட்டிக் கேட்டுவிட்டாள். மூச்சுப்பேச்சில்லை.

அந்த வீட்டு வழக்கம் அப்படி. பெண் கேட்டு வருகிறவன் தானே திராட்சை பறித்து, தானே மிதித்து, ஒரு பீப்பாயை நிரப்ப வேண்டும். சாறு ஒயினாகப் புளித்துக் கொதிக்கிறதா என்று பெண்ணின் அப்பா காது வைத்துக் கேட்பார். அவர் சரி என்றால்தான் கல்யாணப் பேச்சு.

போன வருஷம் வந்தவனின் பீப்பாய் பக்கத்து வீடு வரைக்கும் கேட்கக் கொதித்தது.

"கொதி நல்லாத்தான் இருக்கு. ஆனா மிதிச்ச காலு உன்னோடது இல்லையே" என்று அவனை வாசலோடு அனுப்பிவிட்டார். கூலிக்கு ஆள் வைத்து மிதித்திருந்தான்.

இந்த வருஷம் வந்த செராஃபிம் அந்த ரகமில்லை. கிஷினாவ் நகரத்தில் டிராலி பஸ் ஓட்டுகிறவன். காலையில் வண்டியின் முன்கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்த பிறகுதான் ஸ்டியரிங்கைத் தொடுவான். அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் ஒலிம்பியா மயங்கினாள். இப்போது அதுவே வினையாக வந்து நின்றது.

சற்று முன், நிலவறை வாசலில், பெருமை தாங்காமல் அவளிடம் சொல்லியிருந்தான்.

"பழம் பூரா ஒரே வெள்ளைப் பவுடர், ஒலிம்பியா. நீங்க எல்லாம் சர்ச்சுக்குப் போன நேரத்துல, சோடா போட்ட வெந்நீர்ல முக்கி ஒண்ணு ஒண்ணா துடைச்சேன். முகம் பாத்துத் தலை சீவலாம், அப்படி மின்னுச்சு!"

அவளுக்குத் தலையில் இடி விழுந்தது.

அது பவுடர் இல்லை. பழத்தின் மேல் தானாகப் பூக்கிற பூச்சு. அதில் ஒட்டிக்கொண்டு ஒரு ஊரே குடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சனம். சாற்றில் இறங்கியதும் அத்தனையும் பந்தியில் உட்கார்ந்து சர்க்கரையை ஒரு வெட்டு வெட்டும். தின்றது செரிக்க ஏப்பம் விடும். பீப்பாய்க்குள் கேட்கிற கொதி என்பது அந்த ஏப்பம்தான். இந்த ஊரில் எந்த வீட்டிலும் திராட்சையைக் கழுவ மாட்டார்கள்.

இந்தப் புண்ணியவான் இலையைப் போட்டுவிட்டு, விருந்தாளிகளை வெந்நீர் ஊற்றி விரட்டியிருக்கிறான்.

பந்தெலெய் இன்னும் குனிந்தே இருந்தார். அவருடைய அகன்ற முதுகு விளக்கை மறைத்தது.

"என்னடி ஒலிம்பியா, பீப்பாய் தூங்குதா? உன் டிரைவர் தாலாட்டுப் பாடிட்டானோ?" என்றாள் மூத்த அத்தை.

அப்பா திரும்பவே இல்லை. ஒருமுறை டிராக்டர் எஞ்சின் பக்கத்திலேயே வெடித்ததில் அவருக்கு வலது காது கேட்காமல் போய்விட்டது. சாப்பாட்டு மேசையில் வேண்டியவர்களை இடப்பக்கம் உட்கார வைப்பார். வம்பளக்க வருகிறவர்களுக்கு வலப்பக்கம் நாற்காலி. அத்தைமாருக்கு என்றைக்கும் வலப்பக்கம்தான்.

மிச்சமிருந்த காதோ பாம்புக் காது. அதை ஏமாற்ற யாராலும் முடியாது.

செராஃபிம் ஒன்றும் அறியாமல் நெஞ்சை நிமிர்த்திச் சிரித்துக்கொண்டு நின்றான். மிதித்த சாயம் அவன் கால் நகங்களில் இன்னும் போகவில்லை. அதைப் பார்த்ததும் ஒலிம்பியாவுக்கு அழுகை முட்டியது. இவன் இல்லையென்றால் வேறு எவனும் வேண்டாம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

அப்பா நிமிர்ந்தார்.

"கொதிக்குது" என்றார். "நல்லாவே கொதிக்குது."

அத்தைமார் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, பூசணி அடையைச் சுட வைக்கப் படியேறி ஓடினார்கள். அந்தச் செய்தி அவர்களுக்கு முன்பே தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஒலிம்பியாவால் நம்ப முடியவில்லை. நைசாகக் குனிந்து பீப்பாயில் மறுபடி காதை வைத்தாள்.

அதே மௌனம்.

எழுந்தபோது கன்னம் பிசுபிசுத்தது. பலகை இடுக்கில் கசிந்திருந்த சாறு. துடைத்துக்கொண்டே அப்பாவைப் பார்த்தாள். அவர் காதைச் சுற்றியும் கருஞ்சிவப்பாக அதே ஈரக்கறை.

வலது காது.

இடது காது காய்ந்து, சுத்தமாக இருந்தது.

மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று, செராஃபிம் பழத்தைத் துடைத்த அன்றைக்குப் பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பிய அப்பா, பூசை முடியப்போகிற நேரத்தில், கண்ணாடி இல்லாமலேயே சர்ச்சுக்கு வந்து நின்றது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

அவர் அவளைப் பார்க்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து, வெள்ளை பூத்திருந்த இரண்டு திராட்சைக் கொத்துகளை மெல்ல எடுத்துச் செராஃபிமின் கையில் வைத்தார். நேற்று வரை அவனை "ஏய் டிரைவரு" என்றே கூப்பிட்டவர் அவர்.

"இதையும் உள்ள போட்டுடுங்க, மாப்பிள்ளை" என்றார். "துடைச்சிடாதீங்க."