படியளக்கிறவர்

ஒரு மளிகைக் கடைப் பரணில் இரண்டு எலிகள் குடியிருந்தன. நமக்குப் படியளக்கிறவர் ஒருத்தர் மேலே இருக்கிறார் என்பது அக்கா பெருமீசையின் கட்சி. எல்லாம் தானாக நடக்கிறது என்பது தங்கை மொட்டைவாலின் கட்சி. வாக்குவாதத்தில் அக்கா ஒருநாளும் ஜெயித்ததில்லை.

ஒருநாள் காலையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கம்பிப் பெட்டி இருந்தது. உள்ளே மசால்வடை தொங்கியது.

"இதுவும் தானா முளைச்சதாடி?" என்றாள் அக்கா. "வாசலைப் பாரு, நம்ம உடம்புக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு. வடை நம்ம மூக்குக்கு நேரா தொங்குது. நம்மளை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் யோசிச்சு யோசிச்சுச் செஞ்சிருக்கார்."

மொட்டைவால் பெட்டியை மூன்று தடவை சுற்றி வந்தாள். மறுத்துச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"சரிக்கா, ஒத்துக்கறேன். யாரோ நமக்குன்னே செஞ்சதுதான்."

பெருமீசைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஜெயித்தவள் கொஞ்சம் தாராளமாக இருக்க வேண்டாமா?

"இத்தனை நாள் நம்பாதவளுக்குத்தான் முதல் வாய். நீ போ" என்று தங்கையை முன்னே விட்டாள்.

படாரென்று கதவு விழுந்தது.

பல் உடையும்வரை அக்கா கம்பியைக் கடித்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

"நீ சொன்னது அத்தனையும் சரிதான்க்கா" என்றாள் உள்ளே இருந்தவள். "நம்மளை நல்லாத் தெரிஞ்சவர்தான்."

தன் பேச்சை மறுக்க ஒரே ஒரு வார்த்தை கிடைக்காதா என்று பெருமீசை தவித்தாள். கடைக்காரரின் செருப்புச் சத்தம் கிட்டே வந்துகொண்டிருந்தது.