ஒட்டுவாரொட்டி

“பாமா மேடம், உங்களாலதான் இப்போ நானும் லீவு. எனக்கும் மெட்ராஸ் ஐ ஒட்டிக்கிச்சு!”

போனில் பொரிந்து தள்ளினார் மேனேஜர் உத்தமன்.

பாமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மெட்ராஸ் ஐ என்று சொல்லித்தான் எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீசில் ஒரு வாரம் லீவு வாங்கியிருந்தாள்.

“என்னாலயா சார்? எப்படி?”

“வெள்ளிக்கிழமை என் கண்ணையே பாத்துப் பாத்துப் பேசினீங்களே, அப்போதான்!”

“சாரி சார். ரொம்ப வீங்கியிருக்கா?”

“பூரி மாதிரி! தண்ணியா கொட்டுது. வெளிச்சம் பட்டாலே கூசுது.”

“எனக்கும் அதேதான் சார். ஐஸ் தண்ணியில துணி நனைச்சு ஒத்தடம் குடுங்க.”

“குடுக்கறேன். நீங்க இனிமேலாவது கண்ணு சிவந்ததும் வீட்டுல இருங்க. ஆபீசுக்கே ஒட்ட வைக்காதீங்க!”

வியாழக்கிழமை பாமா கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த அழகு சிகிச்சை கிளினிக்குக்கு ஆட்டோவில் போய் இறங்கினாள். தொங்கிப்போயிருந்த இமைகளைத் தூக்கித் தைத்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

“தையல் பிரிக்கத்தானே மேடம்? ஸ்வல்ப உக்காருங்க. இந்த சாருக்குப் பிரிச்சதும் உங்களுக்குத்தான்” என்றாள் நர்ஸ்.

பெஞ்சில் இருந்தவர் கறுப்புக் கண்ணாடியைச் சட்டென்று மூக்குமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

பக்கத்தில் உட்கார்ந்த பாமா மெல்லக் கேட்டாள்.

“உத்தமன் சார், தையலும் என்கிட்டருந்துதான் ஒட்டிக்கிச்சா?”