புது வண்டியின் கோளாறு

"இந்தப் புல் வெட்டுற வண்டி வந்து ஒரு வாரம்கூட ஆகல. நான் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நின்னுபோய்க் கிடக்கு," என்று தொழிற்சாலை மேனேஜர் மெக்கானிக்கிடம் எரிந்து விழுந்தார். "கோளாறு வண்டியிலயா, ஓட்டுற ஆள்கிட்டயான்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்."

"நானா நிறுத்தல சார். அதுவா நின்னுடுது," என்றார் தோட்டக்காரர். வேலை போய்விடும் என்ற பயம் அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

மெக்கானிக் வண்டியில் ஏறி உட்கார்ந்து புல்வெளியை ஒரு சுற்று வந்தார். ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது.

"நீங்க உள்ள போயிட்டுக் கொஞ்சம் கழிச்சு வாங்க சார்," என்று மேனேஜரை அனுப்பிவிட்டுத் தோட்டக்காரரை ஓட்டச் சொன்னார். அப்போதும் ஓடியது.

மேனேஜர் திரும்பி வந்தார். வண்டி பட்டென்று நின்றது.

"பாத்தீங்களா!" என்றார் மேனேஜர்.

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வண்டியில ஒரு குறையும் இல்ல சார். சீட்டுக்கு அடியில பாதுகாப்புக்குன்னு ஒரு சுவிட்ச் இருக்கு. ஓட்டுறவர் சீட்டை விட்டு எழுந்தா இன்ஜின் தானா நின்னுடும். உங்களைப் பார்த்ததும் இவர் எழுந்து நிக்கிறார்."

தோட்டக்காரர் இன்னும் வண்டிமேல் கைகட்டி நின்றுகொண்டுதான் இருந்தார். மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"அந்த சுவிட்சைக் கழட்டிடுங்க."