பதினேழாம் தகடு

முல்லைத்தீவில் கரையோரக் கடல் ஆழமில்லை. அதனால் சுற்றுலாக் கப்பல் தூரத்தில் நிற்கும், படகுகள்தான் பயணிகளை இறங்குதுறைக்குக் கொண்டுவரும். இறங்கும் ஒவ்வொருவருக்கும் பலகையிலிருந்து ஓர் இலக்கத் தகட்டைக் கழற்றிக் கொடுப்பேன். திரும்பும்போது வாங்கி அதே ஆணியில் மாட்டுவேன். ஆணி வெறுமையாக இருந்தால் யாரோ இன்னும் கரையில் இருக்கிறார். நாற்பது ஆணிகளும் நிறைந்தால் கடைசிப் படகு புறப்படும். வரிசை நீளம் என்பதால் வாங்கும்போது தகட்டைத்தான் பார்ப்பேன், முகத்தை அல்ல.

அன்று நாலரைக்கே நாற்பதும் நிறைந்து, படகு போய்விட்டது.

ஐந்து மணிக்குத் தேனுகா ஓடிவந்தாள். கனடாக்காரி. மகளைக் கப்பலில் பிள்ளைகள் அறையில் விட்டுவிட்டு, தான் பிறந்த வீட்டு வளவைப் பார்க்கப் போவதாகக் காலையில் தகடு வாங்கும்போது சொல்லியிருந்தாள். கையில் பதினேழாம் தகடு.

"அக்கா, படகைக் கூப்பிடுங்கோ! பிள்ளை என்னைத் தேடும்."

பலகையைப் பார்த்தேன். பதினேழாம் ஆணியிலும் ஒரு தகடு தொங்கியது. அதே இலக்கம், ஓரத்தில் அதே கீறல்.

படகோட்டும் என் தம்பி றஸ்மிக்கு ஃபோன் எடுத்தேன்.

"பதினேழாம் ஆளை, அந்தக் கனடாக்காரியை விட்டிட்டுப் போயிட்டாயடா. மகள் அங்க தனிய."

"உங்களுக்கென்ன விசரா, ராத்தா? நான்தான் கைகுடுத்துக் கப்பலில ஏத்தினனான். மகள் ஓடிவந்து கட்டிப்பிடிச்சது. அந்த மனுசி ஒண்டும் கதைக்கேல்ல. உடுப்பெல்லாம் ஈரம்."

கப்பல் நீளமாக ஊதியது.

"என்னவாம் அக்கா? மகள் அழுறாளாமா?" என்றாள் தேனுகா.

பலகையில் மற்றத் தகடுகள் வெயிலில் காய்ந்து கிடந்தன. பதினேழிலிருந்து மட்டும் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.