பொரி ஓடவில்லை

சாக்கிலிருந்து கொட்டியதும் முயல் ஓட வேண்டும். அதுதான் வேட்டை.

பொரி ஓடவில்லை.

மஞ்சள் வெட்டி முடித்த காட்டின் நடுவில், கொட்டிய இடத்திலேயே வயிற்றை மண்ணோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் ஊர் ஆண்கள். அவர்கள் கையில் பிடித்திருந்த நாய்களெல்லாம் கயிற்றை இழுத்துக்கொண்டு பின்னங்காலில் நின்றன.

மாரியம்மன் நோம்பி முடிந்த மறுநாள் முயல் வேட்டைக்குப் போவது அந்த ஊர் வழக்கம். வனத்துறை கெடுபிடிக்குப் பிறகு காட்டு முயலைத் தொட யாருக்கும் தைரியமில்லை. அதற்காக வேட்டையை விட்டுவிட முடியுமா? வளர்ப்பு முயல் ஒன்றைக் கொண்டுவந்து திறந்துவிடுவார்கள். முதலில் கவ்வுகிற நாய்க்கு மாலை, நாய்க்காரனுக்குத் துண்டு.

"இந்த வருசம் முயலும் என்னுது, மாலையும் என்னுது" என்று சொல்லி வைத்திருந்தான் திருமலைசாமி. பெண்டாட்டி கோமளா சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன நேரம் பார்த்து, அவள் பொரி என்று பேர் வைத்து வளர்த்த முயலைச் சாக்கில் போட்டுத் தூக்கி வந்துவிட்டான்.

"என்றா திருமலைசாமி, முயலுக்கு இன்னைக்குக் கண்ணாலமா? மணவறைல உக்காந்தாப்பல உக்காந்திருக்குது!" என்றார் பொங்கியண்ணன். வேட்டைக்கு அவர்தான் பெரியவர்.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

திருமலைசாமி காலால் ஓர் எத்து எத்தினான். பொரி உருண்டு போய் விழுந்தது. எழுந்தது. காதை முதுகோடு படிய வைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தது.

கோமளா வரப்புக்கு வந்து சேர்ந்தபோது பார்த்தது இந்த எத்தைத்தான். காலிக் கூண்டைப் பார்த்ததும் போட்டது போட்டபடி ஓடி வந்தவள். கையில் முயலுக்கு மாட்டும் சிவப்புப் பட்டை இருந்தது.

ஆன்லைனில் வாங்கிய பட்டை. வந்த நாளிலிருந்து ஊருக்கே அது கேலி. கழுத்தில் மாட்டக்கூடாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் குறுக்கே, இரண்டு விரல் நுழைய இடம் விட்டு மாட்ட வேண்டும். பட்டையில் கோத்த கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் முயல் துள்ளும். துள்ளுகிற வேகத்தில் அதன் முதுகெலும்பு அதனாலேயே முறிந்துபோகும்.

அதனால் கோமளா கயிற்றை இழுத்ததே இல்லை. சாயங்காலமானால் வாய்க்கால் மேட்டில் பொரி போகிற பக்கமெல்லாம் பின்னாலேயே போவாள். ஏதாவது சத்தம் கேட்டால் அது திரும்பி ஓடிவந்து அவள் சேலைக்குள் புகுந்துகொள்ளும்.

வெளியே வந்தால் கோமளா கூட இருப்பாள். பொரிக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். அவள் இல்லாத காட்டில் எந்தப் பக்கம் ஓடுவதென்று அதற்குத் தெரியவில்லை.

"ஏனுங்க! உட்ருங்க! அது ஓடாதுங்க!"

கத்தியிருக்கக் கூடாது.

அந்தக் குரல் கேட்டதும் பொரி ஓடியது.

பொங்கியண்ணன் துண்டை வீசினார். கயிறுகள் அவிழ்ந்தன.

வெள்ளை உருண்டை நேராக அவளை நோக்கி வந்தது. அதன் பின்னால் புழுதி. புழுதிக்கு முன்னால் திருமலைசாமியின் நாய், கருவாயன்.

கோமளா முட்டி போட்டு விழுந்தாள். பொரி வந்து மோதியதும் அதை வயிற்றோடு அணைத்து, மேலே கவிழ்ந்து, நெற்றியை மண்ணில் அழுத்திக்கொண்டாள்.

முதல் பல் தோளில் இறங்கியது. அடுத்தது கெண்டைக்காலில். ரவிக்கை கிழிகிற சத்தமும் நாய்களின் உறுமலும் ஒன்றாகக் கேட்டன. அவளுக்கு அடியில் ஒரு சின்ன இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அது அடிக்கிற வரைக்கும் போதும் என்று கிடந்தாள்.

ஆண்கள் ஓடிவந்து கல்லாலும் கம்பாலும் நாய்களைக் கலைத்தார்கள். கருவாயன் மட்டும் தோளை விடவில்லை. திருமலைசாமி அதன் தாடையில் உதைத்துப் பிரித்தான். பிரித்ததோடு நிற்கவில்லை. மூங்கில் தடியை ஓங்கினான்.

முதல் அடியிலேயே நாயின் முன்னங்கால் ஒடிந்தது. அது ஓடவில்லை. வாலை ஆட்டிக்கொண்டே அவன் காலடிக்குத் தவழ்ந்து வந்தது. மறுபடியும் அடித்தான்.

"பொண்டாட்டி மேல என்ன பாசம் பாருங்கப்பா" என்றான் ஒருவன்.

"கைக்கு வந்த முயல உட்டுப்போட்டயேடா! ஊருக்கு முன்னால எம் மானத்த வாங்கிப்போட்டயேடா!" என்று நாயைப் பார்த்துக் கத்தினான் திருமலைசாமி.



கோமளா எழுந்தாள். தோளிலிருந்து ரத்தம் முழங்கை வழியாகச் சொட்டியது. பொரியைக் கொண்டுபோய் பொங்கியண்ணன் கையில் வைத்தாள்.

"நெஞ்சோட சேத்துப் புடிங்க மாமா. பின்னங்கால உதைக்க உடாதீங்க."

அவர் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அவள் திரும்பி நடந்து, தன்னைக் கடித்த நாயின் மேல் கவிழ்ந்து படுத்தாள்.

ஓங்கிய தடி இறங்கியது. தெரியாமல் விழுந்த அடி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

தடி மறுபடியும் மேலே போனது.

கோமளா கத்தவில்லை. தடி மேலே போகும்போது மூச்சை அடக்கினாள். அது கீழே வரும்போது முதுகை லேசாக ஒரு பக்கம் சாய்த்து, எலும்பை விலக்கிச் சதையைக் கொடுத்தாள். அடுத்த அடிக்கு அடுத்த பக்கம். ஒன்றுகூடக் கணக்குத் தப்பவில்லை.

அடி எங்கே விழும் என்று அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.