முதல் போஞ்சி

ஞாயிற்றுக்கிழமை என்பதால் இன்று ஆளெண்ணி வேலைக்கு அனுப்பும் காலைப் பெரட்டு இல்லை. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தின் தகரக் கூரையிலிருந்து இராப்பனி இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. அடுப்பின் முன் குந்தியிருக்கும் அங்கம்மா, பின்பக்கத்துப் பாத்தியில் சற்றுமுன் பறித்த போஞ்சியை நார் உரித்து, பட்பட்டென ஒடித்து, வெங்காயம் வதங்கும் சட்டியில் போடுகிறாள். பச்சை வாசம் புகையோடு ஏறுகிறது. இந்தக் கொடியின் முதல் காய் இது. சாமிக்குப் படைக்கும்வரை ருசி பார்க்கக்கூடாது. வெந்ததும் ஒரு கரண்டியை இலைத்துண்டில் வைத்து, கதிர்காமத்தில் வாங்கிய முருகன் படத்தின் முன் படைத்துக் கும்பிடுகிறாள். மிச்சத்தைக் கூப்பன் அரிசிச் சோற்றோடு தட்டில் போட்டு, சுவரில் சாய்ந்திருக்கும் புருஷன் சன்னாசியிடம் நீட்டுகிறாள். காய்ச்சல் தணிந்து பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல், எதைக் கொடுத்தாலும் அவன் மண்ணைத் தின்பதுபோலத்தான் தின்கிறான். நல்லதென்றும் சொல்வதில்லை, கெட்டதென்றும் சொல்வதில்லை. இப்போது ஒரு வாய் மெல்கிறான். கை நிற்கிறது.

"உப்பு போடலையா, புள்ள?"

அங்கம்மா உப்புச் சிரட்டையைப் பார்க்கிறாள். காலையிலிருந்து அதன் மூடியைத் திறக்கவேயில்லை.

"நாக்குல தெரியுதாங்க?"

"தெரியாம? வெறும் சப்புன்னு இருக்கு. கொண்டா உப்ப."

அவன் தட்டில் ஒரு கிள்ளு போடுகிறாள். விரலில் ஒட்டிய மிச்சத்தோடு படத்தின் முன் போய், இலையிலும் தூவுகிறாள்.

"அவரு வாயால கேக்கட்டும்னுதான் நீ பேசாம இருந்தியா, முருகா?"